ஆடவர் வழுக்கையும் பாரம்பரியமும்

வழுக்கை குடும்பவழி வருவதா? ஆசிரியர்களையும் களப் பணியாளர்களையும் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுள் இஃது ஒன்று. கேட்பவர் பெரும்பாலும் இருபது வயதைக் கடந்த இளைஞராக இருப்பார். அல்லது அவருடைய தாயாராக இருப்பார். கேள்வி எளிதாகத் தோன்றினும் அதன் பின்னே ஒரு கவலை உண்டு. நெற்றியின் இருபுறமும் மயிர் பின்வாங்கத் தொடங்கிய இளைஞன் தன் திருமணம் தடைப்படுமோ என்று அஞ்சுகிறான். ‘உன் தம்பிமார் தலைதான் இவனுக்கும் வாய்த்தது’ என்று தாயின்மீது வீட்டில் பழி சுமத்தப்படுகிறது. இந்த அச்சத்தையே முதலாகக் கொண்டு எண்ணெய்ப் புட்டி விற்போர் இலாபம் காண்கின்றனர். ஆதலின் இக்கேள்விக்குத் தெளிவான விடை கூறுதல் நம் கடமையாகும்.

சுருங்கக் கூறின் விடை இதுவே: ஆடவர் வழுக்கை பெருமளவு பாரம்பரியத்தைச் சார்ந்தது, ஆனால் அது ஒருவரிடமிருந்து மட்டும், அல்லது ஒரு வழியிலிருந்து மட்டும் வருவதன்று. தாய்வழி, தந்தைவழி இரண்டுமே அதில் பங்கு கொள்கின்றன. இவ்விடைக்கு ஆதாரமான செய்திகளையும், அவற்றை வகுப்பிலும் ஊரிலும் எடுத்துரைக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்கும்.

எல்லைப்புற ஊர் தரும் படிப்பினை

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப்பாதையில், சித்தூர் வட்டத்தில், மீனாட்சிபுரம் அமைந்துள்ளது. கேரளத்தைச் சேர்ந்ததாயினும் தமிழ் பெரிதும் வழங்கும் ஊர் அது. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களைப் போலவே இங்கும் இரு மொழியினர் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இரு மொழிகள் மட்டுமல்ல, குடும்பத்தை எண்ணும் முறைகள் இரண்டும் இப்பகுதியில் சந்திக்கின்றன. தமிழ்க் குடும்பங்களில் பெயரும் சொத்தும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதே பெருவழக்கு. கேரளத்தின் சில சமூகங்களிலோ மருமக்கத்தாயம் என்னும் தாய்வழி முறை நெடுங்காலம் நிலவியது. தாய்மாமனே அங்குக் குடும்பத் தலைவர். கேரளக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது அம்முறை சட்டப்படி முடிவுற்றது.

குடும்பம் எந்த வழியை நினைவில் வைத்திருக்கிறதோ அந்த வழியின் தலைகளே அதன் நினைவிலும் நிற்கும் என்பதைப் பணியாளர் முதலில் மனத்தில் கொள்ளல் வேண்டும். பாட்டனார், பெரியப்பா, சிற்றப்பா ஆகியோரை எண்ணிப் பழகியவர் வழுக்கையை அவர்களிடம் காண்பார். அம்மாவன்மாரை எண்ணிப் பழகியவர் அவர்களிடம் காண்பார். இரு சாராரும் பொய் கூறுவதில்லை. ஒவ்வொருவரும் பாதிக் குடும்பத்தையே பார்க்கின்றனர்.

இத்துடன் மற்றொரு காரணமும் சேர்கிறது. வழுக்கை மிகவும் சாதாரணமானது. பெங்களூர் மருத்துவர்கள் 1,005 பேரைச் சோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 30 முதல் 50 வயது வரையுள்ள ஆடவருள் 58 விழுக்காட்டினரிடம் ஏதோ ஒரு நிலையில் வழுக்கை காணப்பட்டது. இவ்விகிதத்தை அளவாகக் கொண்டு கணக்கிட்டால், ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று ஆடவரைத் தெருவில் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தாலும், 100-க்கு 93 முறை அம்மூவருள் ஒருவரேனும் வழுக்கையராக இருப்பார். எனவே, ‘மாமன்மாருள் ஒருவருக்கு வழுக்கை உண்டு, ஆகையால் மாமன் வழியே வந்தது’ என்னும் வாதம் ஒன்றையும் நிறுவாது. எந்தக் குடும்பத்தின் எந்தக் கிளையைத் தேடினும் ஒரு வழுக்கைத் தலை கிடைக்கும்.

மயிர்க்காலில் நிகழ்வது

மனிதனின் தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தோலுக்குள் பதிந்துள்ள மயிர்க்கால் என்னும் சிறு பையிலிருந்து முளைக்கிறது. மயிர்க்கால் இடைவிடாது உழைப்பதில்லை. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் மயிரை வளர்க்கிறது. பின்னர் இரண்டு மூன்று வாரங்களில் சுருங்குகிறது. ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஓய்வு கொள்கிறது. அதன்பின் பழைய மயிர் உதிர்ந்து புதிய மயிர் முளைக்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர்கள் உதிர்வது இயல்பே. சீப்பில் மயிர் கண்டவுடன் அஞ்ச வேண்டுவதில்லை.

ஆடவர் வழுக்கையில் இச்சுழற்சியின் வளர்ச்சிப் பருவம் படிப்படியாகக் குறுகுகிறது. மயிர்க்காலும் ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிதாகிறது. தடித்த கருமயிருக்குப் பதிலாக மெல்லிய பூனைமயிர் முளைக்கிறது. இறுதியில் அதுவும் கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது. இம்மாறுதல் தலை முழுவதும் ஒரே சீராக நிகழ்வதில்லை. நெற்றியின் இரு மூலைகளிலும் உச்சியிலும் தொடங்குகிறது. பிடரியிலும் காதுகளின் மேற்புறத்திலும் மயிர் நிலைத்து நிற்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1951-இல் இப்படிநிலைகளை வகைப்படுத்தினார். நார்வுட் என்பார் 1975-இல் அவ்வகைப்பாட்டைத் திருத்தி விரித்தார். இன்றும் மருத்துவர்கள் அதனையே பயன்படுத்துகின்றனர்.

பிடரியின் மயிர்க்கால்கள் ஏன் பாதிக்கப்படுவதில்லை? நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரென்டிரைக் 1959-இல் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டார். பிடரியிலிருந்து எடுத்து வழுக்கைப் பகுதியில் பதித்த மயிர்க்கால், அங்கும் தன் இயல்பு மாறாமல் தடித்த மயிரையே வளர்த்தது. நாற்றை வேறு வயலில் நட்டாலும் நெல்லின் இனம் மாறாதது போன்றது இது. குறை உச்சித் தோலின் இரத்த ஓட்டத்திலோ, வெளியே படும் நீரிலோ இல்லை; மயிர்க்காலின் உள்ளியல்பிலேயே உள்ளது என்பது இதனால் விளங்கிற்று. உப்பு நீரில் குளிப்பதால் மயிர் வறண்டு ஒடியலாம். ஆடவர் வழுக்கை அதனால் தோன்றுவதில்லை. தலையை மழிப்பதும் அவ்வாறே. பழனியில் முடி காணிக்கை செலுத்துவது வழிபாடு; கத்தி தோலுக்கு மேலுள்ள மயிரை மட்டுமே தொடுகிறது. அதனால் மயிர்க்கால் வலுப்பெறுவதுமில்லை, நலிவதுமில்லை.

ஹார்மோனின் பங்கு

விரை நீக்கப்பெற்றோர்க்கு வழுக்கை விழுவதில்லை என்னும் குறிப்பு, கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டஸ் பெயரால் வழங்கும் பழைய நூல்களிலேயே உள்ளது. இதனை முறையாக ஆராய்ந்தவர் மேலே கூறிய ஹாமில்டன். பருவமடையுமுன் விரைகளை இழந்தோர், பருவ வளர்ச்சி குன்றியோர் என நூற்றுக்கும் மேற்பட்ட ஆடவரை ஆராய்ந்து, 1942-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பருவமடையுமுன் விரைகளை இழந்தோர் வயது முதிர்ந்தும் வழுக்கையடையவில்லை. அத்தகையோர்க்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைச் செலுத்தியபோது, குடும்பத்தில் வழுக்கை உடையவர்களுக்கு மயிர் உதிரத் தொடங்கியது. குடும்பத்தில் அது இல்லாதவர்களுக்கு உதிரவில்லை.

இரண்டும் ஒருங்கே வேண்டும் என்பது இச்சோதனையின் சாரம். பாரம்பரியம் நிலத்தில் விழுந்த விதையைப் போன்றது. ஹார்மோன் அதன்மேற் பெய்யும் மழையைப் போன்றது. விதையின்றி மழை மட்டும் பெய்தாலும், மழையின்றி விதை மட்டும் கிடந்தாலும் பயிர் தோன்றாது.

பின்வந்த ஆராய்ச்சி மேலும் ஒரு படி சென்றது. டெஸ்டோஸ்டிரோனை ஒரு நொதி டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்னும் வீரியமிக்க பொருளாக மாற்றுகிறது. டொமினிக்கன் குடியரசில் இந்நொதி பிறவியிலேயே குறைந்த சில குடும்பங்களை ஜூலியான் இம்பெராட்டோ-மக்கின்லி என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 1974-இல் செய்தி வெளியிட்டனர். அக்குடும்பங்களின் ஆடவர்க்கு நெற்றி மயிர் பின்வாங்கவில்லை. எனவே மயிர்க்காலைச் சுருக்குவதில் இம்மாற்றுப் பொருளே முதன்மையானது என்பது தெளிவாயிற்று.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் நன்று. வழுக்கையர்க்கு ஆண் ஹார்மோன் மிகுதி என்று பலர் கருதுகின்றனர். பெரும்பாலோரிடம் அதன் அளவு இயல்பானதே. அதே அளவு ஹார்மோனுக்கு மயிர்க்கால்கள் எவ்வளவு கூர்மையாக இணங்குகின்றன என்பதே வேறுபாடு; அந்தக் கூர்மையே பாரம்பரியமாக வருகிறது.

ஒரு ஜீனா, பல ஜீன்களா?

பாரம்பரியக் கூறுகளை ஜீன்கள் என்கிறோம். அவை குரோமோசோம் என்னும் இழைகளில் வரிசையாக அமைந்துள்ளன. மனிதனுக்கு 23 இணைக் குரோமோசோம்கள் உண்டு. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தையிடமிருந்தும் ஒன்று தாயிடமிருந்தும் வருகிறது. இருபத்துமூன்றாம் இணையே பாலை நிர்ணயிப்பது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும். மகன் ஒய் குரோமோசோமைத் தந்தையிடமிருந்தும் எக்ஸ் குரோமோசோமைத் தாயிடமிருந்தும் பெறுகிறான்.

டாரதி ஆஸ்பார்ன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1916-இல் சில குடும்ப வரலாறுகளை ஆராய்ந்து, வழுக்கைக்கு ஒரே ஜீன் காரணம் என்றும், அஃது ஆணிடம் ஓங்கியும் பெண்ணிடம் ஒடுங்கியும் செயற்படுகிறது என்றும் கூறினார். எளிதாக இருந்தமையால் இக்கருத்து பாடநூல்களில் நெடுங்காலம் நிலைபெற்றது. ஆனால் ஒரே ஜீன் காரணமாயின் மக்களை வழுக்கையர், வழுக்கையல்லாதார் என இரு தெளிவான பிரிவாக்க முடிதல் வேண்டும். உண்மையில் நாம் காண்பது அதுவன்று; நெற்றி மூலை சிறிது ஏறியவர் முதல் தலை முழுதும் இழந்தவர் வரை இடைவெளியற்ற வரிசையொன்றைக் காண்கிறோம். உயரமும் தோல்நிறமும் போல இதுவும் பல ஜீன்களின் கூட்டு விளைவாதல் வேண்டும் என்று கூஸ்டர், ஹாப்பிள் என்னும் இருவர் 1984-இல் வலியுறுத்தினர்.

இக்கருத்தே பின்னர் உறுதிப்பட்டது. எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஆண் ஹார்மோன் ஏற்பியின் ஜீனுக்கும் வழுக்கைக்கும் தொடர்புண்டு என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினர். ஏற்பி என்பது ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம். இருபதாம் குரோமோசோமிலுள்ள ஒரு பகுதியும் தொடர்புடையது என 2008-இல் இரு குழுவினர் தனித்தனியே கண்டனர். பிரிட்டனில் 52,000-க்கும் மேற்பட்ட ஆடவரின் ஜீன் தொகுதியை ஆராய்ந்து 2017-இல் வெளியான அறிக்கை, 287 பகுதிகளைக் குறிப்பிட்டது. அவற்றுள் 40 எக்ஸ் குரோமோசோமைச் சேர்ந்தவை, எஞ்சியவை பால்சாராக் குரோமோசோம்களில் உள்ளவை. எக்ஸிலுள்ள ஏற்பிப் பகுதியே தனியொரு பகுதியாக நோக்குமிடத்து மிக வலியது. எனினும் பிற பகுதிகளின் மொத்தப் பங்கு அதனினும் பெரிது. அவற்றுட் பாதி தந்தையிடமிருந்து வருவன.

தாய்மாமன் தலையைப் பார்த்தால் போதுமா?

‘தாயைப் பெற்ற பாட்டன் தலையைப் பார், தாய்மாமன் தலையைப் பார்’ என்னும் பேச்சு பல நாடுகளில் உண்டு. எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்து வருவதால் இதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. எவ்வளவு உண்மை என்பதைக் கணக்கிட்டுக் காண்போம்.

மகனுடைய எக்ஸிலுள்ள ஒரு ஜீனை எடுத்துக்கொள்வோம். தாய்க்கு இரண்டு எக்ஸ். ஒன்று அவளுடைய தந்தை அளித்தது, மற்றொன்று அவளுடைய தாய் அளித்தது. மகனுக்கு வந்தது தாயின் தந்தையுடையதாக இருக்கும் வாய்ப்பு 2-இல் 1. இனித் தாய்மாமனைக் கருதுவோம். அவர் தம் எக்ஸைத் தம் தாயிடமிருந்து பெற்றவர். சிறுவனுடைய ஜீன் தாய்வழிப் பாட்டியிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 2-இல் 1. பாட்டியின் இரண்டு பிரதிகளுள் மாமன் பெற்ற அதே பிரதியாக அது இருக்கும் வாய்ப்பு மீண்டும் 2-இல் 1. ஆக, தாய்மாமனோடு ஒத்திருக்கும் வாய்ப்பு 4-இல் 1 மட்டுமே. நான்கு மருமகன்களுள் மூவர்க்கு மாமனின் அந்த ஜீன் வருவதில்லை. தம் தலைக்கு அவரைக் காரணம் காட்ட அவர்களுக்கு இடமில்லை.

வகுப்பில் இதனை இரண்டு நாணயங்களைக் கொண்டு விளக்கலாம். முதல் நாணயத்தைச் சுண்டுக. தலை விழுந்தால் பாட்டனுடைய பிரதி, பூ விழுந்தால் பாட்டியுடைய பிரதி. பூ விழுந்தபோது மட்டும் இரண்டாம் நாணயத்தைச் சுண்டுக. தலை விழுந்தால் மாமனை ஒத்தது, பூ விழுந்தால் ஒவ்வாதது. மாணவர் குழுக்கள் மொத்தம் 100 முறை செய்து அட்டவணையிட்டால், பாட்டனுக்கு ஐம்பதை அடுத்தும், மாமனுக்கு இருபத்தைந்தை அடுத்தும் எண்கள் கிடைக்கும். எண்கள் சரியாக அமையாமையும் ஒரு பாடமே. ஒரு குடும்பத்தில் மகன்கள் இருவரோ மூவரோதான், நூறு பேர் அல்லர்.

உறவுமுறைத் திருமணங்களில் கணக்கு

மேற்கூறிய கணக்கு பெற்றோர் இருவரும் உறவினர் அல்லர் என்ற அடிப்படையில் அமைந்தது. தென்னாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் அக்காள் மகளையோ மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பது மரபு. அங்குத் தாய்வழி, தந்தைவழி என்னும் பிரிவே மங்கிவிடுகிறது.

ஒருவர் தம் அக்காள் மகளை மணந்தார் என்க. பிறக்கும் மகனுக்குத் தந்தையானவர் அம்மகனின் தாய்க்குத் தாய்மாமன் ஆவார். தந்தை தம் எக்ஸை மகனுக்கு அளிப்பதில்லை. ஆயினும் அவருடைய அக்காள் வழியே, அதே மூதாட்டியின் எக்ஸ் பகுதி, மனைவியின் மூலமாக மகனை வந்தடையலாம். தந்தையும் மகனும் எக்ஸிலுள்ள ஒரு ஜீனின் ஒரே பிரதியை உடையவராயிருக்கும் வாய்ப்பு 8-இல் 1. மாமன் மகளை, அதாவது தாயின் உடன்பிறந்தான் மகளை மணந்தாலும் அதே 8-இல் 1. தந்தையின் உடன்பிறந்தாளாகிய அத்தையின் மகளை மணந்தாலோ அவ்வாய்ப்பு இல்லை. ஏனெனில் கணவர் தம் எக்ஸைத் தம் தாயிடமிருந்து பெற்றவர், மனைவியோ அவருடைய தந்தையின் குடும்பத்தைச் சேர்ந்தவர். மூன்றும் உறவுத் திருமணமே. எனினும் எக்ஸ் செல்லும் பாதை ஒன்றுபோல் இல்லை. ஆசிரியர் இம்மூன்று படங்களையும் கரும்பலகையில் வரைந்து காட்டினால், உயர்வகுப்பு மாணவர் பால்சார் பாரம்பரியத்தைத் தம் வீட்டு உறவுச்சொற்களிலேயே கற்றுக்கொள்வர்.

காதுமயிர் தந்த எச்சரிக்கை

ஆடவரிடம் மட்டும் காணப்படுவதால் ஒரு பண்பு தந்தையிடமிருந்து மகனுக்கே செல்கிறது என்று கூறிவிடலாமா? இவ்வினாவுக்கு நம் நாட்டிலேயே ஒரு வரலாறு உண்டு. சில ஆடவரின் காதுமடலில் நீண்ட மயிர் வளர்வதை நாம் கண்டிருக்கிறோம். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்குக் குடியேறி, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற் பணியாற்றினார். அவருடைய மாணவரும் ஆந்திரத்தைச் சேர்ந்தவருமான கிருஷ்ண துரோணம்ராஜு, காதுமயிர் உடைய குடும்பங்களை ஆராய்ந்து, அப்பண்பு ஒய் குரோமோசோம் வழியே வருவதாக 1960-இல் எழுதினார். உலகின் பாடநூல்கள் பலவற்றில் ஒய்வழிப் பாரம்பரியத்துக்கு அதுவே எடுத்துக்காட்டாயிற்று. கர்ட் ஸ்டெர்னும் உடனாய்வாளர் இருவரும் 1964-இல் புதிய தரவுகளை வெளியிட்டு, விவாதத்தைத் தொடர்ந்தனர். இறுதியில், தென்னிந்தியாவில் காதுமயிர் உடைய ஆடவர் 50 பேரின் ஒய் குரோமோசோம்களை அது இல்லாத 50 பேரின் ஒய் குரோமோசோம்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. இரு பிரிவினரின் ஒய் குரோமோசோம்களிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒய் அதற்குக் காரணமன்று என்பது இதனால் உறுதியாயிற்று.

ஆண்களிடம் தோன்றுவது வேறு, ஆண்வழியே வருவது வேறு. வழுக்கைக்கும் இதுவே பொருந்தும். பெண்கள் அந்த ஜீன்களைத் தாங்குகின்றனர், மக்களுக்கு அளிக்கின்றனர். ஹார்மோன் நிலை வேறாதலால் அவர்கள் தலையில் அது பெரிதும் வெளிப்படுவதில்லை. சிலர்க்கு வயது முதிர்ந்தபின் உச்சியில் மயிர் அடர்த்தி குறைகிறது. ஆகவே தாயின் அடர்ந்த கூந்தலைப் பார்த்து மகனின் தலையை முன்னறிய இயலாது.

80 விழுக்காடு என்பதன் பொருள்

ஒரு கருவிற் பிறந்த இரட்டையரையும் இரு கருவிற் பிறந்த இரட்டையரையும் ஒப்பிட்டு, பாரம்பரியத்தின் பங்கினை அளப்பது வழக்கம். ஆஸ்திரேலிய இரட்டையரைக் கொண்டு 2003-இல் வெளியான ஆய்வு, ஆடவர் வழுக்கையின் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு பாரம்பரியத்தால் ஆவது என்று மதிப்பிட்டது. இவ்வெண்ணைப் பலர் தவறாகப் பொருள் கொள்கின்றனர். ‘வழுக்கையரின் மக்களுள் 100-க்கு 80 பேர் வழுக்கையர் ஆவர்’ என்பது இதன் பொருளன்று. ஒரு மக்கட்கூட்டத்தில் ஒருவர்க்கொருவர் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு பாரம்பரிய வேறுபாட்டால் விளைந்தது என்பதையே அது குறிக்கிறது. தனி ஒருவரின் எதிர்காலத்தைக் கூறும் சோதிடமாக அதனைக் கொள்ளலாகாது. அன்றியும் இத்தகைய பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரைக் கொண்டே நடைபெற்றன. அவற்றை அடிப்படையாகக் கொண்டு விற்கப்படும் ஜீன் சோதனைகளை நம் மக்கள் அப்படியே நம்பிவிடுதல் கூடாது.

வம்சாவளிப் படம் வரையும் முறை

களப் பணியாளர் குடும்ப வரலாறு கேட்கும்போது பின்வரும் நெறிகளைக் கைக்கொள்க. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் இடுக. தாய்வழியிலும் தந்தைவழியிலும் சம எண்ணிக்கையில் ஆடவரைக் கேட்டு எழுதுக. கேட்கப்பட்டவர் நினைவுக்கு வந்தவர்களை மட்டும் எழுதுதல் போதாது. ஒவ்வொருவருக்கும் வயதைக் குறிக்க. இருபத்தைந்து வயதினரை ‘வழுக்கை இல்லை’ என்று பதியாமல், ‘இதுவரை தோன்றவில்லை’ என்று பதிக. இளமையில் இறந்தவர்களைத் தனியே குறிக்க. மழித்த தலையையும் தலைப்பாகையையும் பார்த்து முடிவு செய்யற்க. பெற்றோர் உறவினராயின் இரட்டைக் கோட்டால் இணைக்க.

வகுப்பறையில் மாணவரின் சொந்தக் குடும்பத்தைக் கரும்பலகையில் வரையச் சொல்லுதல் விரும்பத்தக்கதன்று. தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் வகுப்பில் இருக்கக்கூடும். கற்பனைக் குடும்பம் ஒன்றே பாடத்துக்குப் போதும்.

எது வழுக்கை, எது நோய்?

மயிர் உதிர்வதெல்லாம் பாரம்பரிய வழுக்கை ஆகாது. ‘குடும்பவழி வந்தது’ என்று எண்ணி வாளாவிருப்பதால், குணப்படுத்தத்தக்க நோய்கள் கவனிக்கப்படாமற் போவதுண்டு. பணியாளர் இவ்வேறுபாட்டை நன்கு அறிதல் வேண்டும்.

நாணய வடிவில் வழவழப்பான திட்டுகளாக மயிர் திடீரென உதிர்வதை மக்கள் புழுவெட்டு என்பர். புழு எதுவும் அங்கில்லை; உடலின் காப்பு அணுக்களே மயிர்க்காலைத் தாக்குவதால் அது நேர்கிறது. பள்ளிச் சிறுவரின் தலையில் செதிலும் அரிப்புமாய் மயிர் ஒடிந்து காணப்பட்டால், அது பூஞ்சையால் வரும் படையாக இருக்கலாம், பிறர்க்குப் பரவுவது, உள்மருந்தால் குணமாவது. கடுங்காய்ச்சலுக்கோ மகப்பேற்றுக்கோ பின் இரண்டு மூன்று மாதங்களில் தலை முழுவதும் மயிர் கொட்டுவது பெரும்பாலும் தானே சீராகும். இரும்புச்சத்துக் குறைவாலும் தைராய்டுச் சுரப்பியின் கோளாற்றாலும் மயிர் மெலியலாம். புருவமயிர் உதிர்வதோடு தோலில் உணர்ச்சியற்ற தேமலோ தடிப்போ இருப்பின், தொழுநோய் உளதா என்று உடனே சோதிக்கச் செய்தல் வேண்டும். இந்நிலைகள் யாவற்றிலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதே முறை. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மயிர் உதிர்ந்தால் பாட்டனைக் காரணம் காட்டாமல் மருத்துவரைக் காணச் செய்க.

எண்ணெயும் மருந்தும்

பாரம்பரியத்தால் வருவது என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது பொருளன்று. பூசுமருந்தான மினாக்சிடில் 1988-இலும், மேற்கூறிய நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு 1997-இலும் அமெரிக்காவில் ஆடவர் வழுக்கைக்கு ஒப்புதல் பெற்றன. இவை உதிர்வதைத் தாமதப்படுத்தும். சிலர்க்கு ஓரளவு மயிரை மீட்கும். நிறுத்தினால் பயன் நீங்கிவிடும். பக்கவிளைவுகளும் உண்டு. ஃபினாஸ்டிரைடு கருவுற்ற பெண்கள் கையாளத்தகாதது. எனவே மருத்துவர் அறிவுரையின்றி இவற்றை வாங்கி உட்கொள்ளுதல் தவறு. மயிர்க்கால்களை இடம் மாற்றிப் பதிக்கும் அறுவைச் சிகிச்சையும் தகுதி பெற்ற மருத்துவர் செய்யவேண்டியதே.

தலைக்கு எண்ணெய் தேய்ப்பது நம் நாட்டுப் பழக்கம். மயிர் வறளாமல் இருக்க அஃது உதவும். ஆனால் மயிர்க்காலின் பிறவி இயல்பை மாற்றும் ஆற்றல் எண்ணெய்க்கு இல்லை. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில், எந்த மருந்தும் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ உரிமை கொண்டாடக்கூடாத நிலைகளைத் தொகுத்த ஜே அட்டவணை உள்ளது. அதில் வழுக்கையும் இடம்பெற்றுள்ளது. ‘முப்பது நாளில் வழுக்கை மறையும்’ என்று விளம்பரம் காணும்போது இதனை மக்களுக்கு எடுத்துரைக்கலாம். ஒரு மாத வருவாயைப் புட்டிகளில் இழக்கும் இளைஞனுக்கு இச்செய்தி பெரிதும் பயன்படும்.

முடிவாக

வினவும் இளைஞனுக்குப் பணியாளர் இவ்வாறு விடை கூறலாம்: ‘இது பரம்பரையாக வருவதே. உன் தாய்வழியும் தந்தைவழியும் சேர்ந்து அளித்தவை பல கூறுகள். எதை யாருக்கு அளிப்பது என்று அவர்களுள் எவரும் தெரிந்து அளிக்கவில்லை. உன் தம்பிக்கு வேறு வகையாக அமையலாம். இஃது உடல்நலக் குறைவன்று. மருத்துவம் செய்துகொள்ள விரும்பினால் செய்துகொள், விரும்பாவிடினும் கேடில்லை.’ தாயிடம் கூற வேண்டுவது இன்னும் சுருக்கமானது: மகனின் தலைக்குத் தாய் குற்றவாளி அல்லள், அவளுடைய உடன்பிறந்தாரும் அல்லர்.